செலவில்லாச் செலவு

'செலவு' என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் ஒரு பொருளிலேயே வழங்குகிறோம். கையிலுள்ள காசு கரைந்து போவதையே செலவு என்கிறோம். பண்டைத் தமிழில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் வேறு. 'செல்' என்னும் வினையினின்று பிறந்த இச்சொல், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் போதலைக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தை நிறுத்திவைத்தலை அகப்பொருள் நூலார் 'செலவழுங்குதல்' என்றனர். கால் செல்வதைக் குறித்த சொல், நாளடைவில் காசு செல்வதைக் குறிக்கலாயிற்று. சொற்கள் பொருள் மாறுதல் மொழியின் இயல்பு. அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. ஆயின், காசு செல்லாமல் கால் செல்லாது என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டதே வருந்தத்தக்கது.

'ஊர் சுற்றிப் பார்ப்பது செல்வர்க்கு உரியது, நமக்கு ஏன்?' என்று ஏழை எளியவர் ஒதுங்குகின்றனர். செல்வரோ, மிகுதியான பணம் கொடுத்துக் கண்டதே மிகுதியான சிறப்புடையது என்று நினைக்கின்றனர். இவ்விரு கொள்கையும் பொருந்தா. காணத்தக்கவற்றுள் பெரும்பகுதி எவரும் விலையின்றிக் காணுமாறே அமைந்துள்ளது. அதனைக் காண வேண்டுவன விரிந்த கண்ணும், அறியும் வேட்கையும், ஒழுங்கான நடத்தையுமே ஆகும். இதனைச் செங்கற்பட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

வறியவர் வழிநடந்து நாடு காண்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் அமைந்த பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாத மற்றொருவனுக்கு வழி கூறி வள்ளலிடம் செலுத்துவதே ஆற்றுப்படையின் பெரும்பான்மை இலக்கணம். அவ்விருவருள் எவரும் செல்வர் அல்லர். கையில் யாழும், பின்னே பசித்த சுற்றமும் உடையவர். அவ்வைந்தனுள் பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் புலவரால், தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு பாடப்பெற்றது. இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் அடங்கிய தொண்டை நாடே அந்நூலின் களம். பாணன் செல்லும் வழியில் ஆயர் தினைச்சோறும் பாலும் அளிப்பர்; உழவர் தம் மனையில் உள்ளதைப் பகிர்ந்தளிப்பர். நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையும், மரக்கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கமும் அந்நூலில் கூறப்படுகின்றன. அத்துறை இன்றைய மாமல்லபுரத்தை ஒட்டியது எனக் கருதும் அறிஞரும் உளர். எனவே, வெறுங்கையோடு இவ்வழி செல்லும் மாணவன், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மரபில் நடப்பவன் ஆவான். அவன் நாணுதற்குக் காரணம் ஏதுமில்லை.

இனி, செங்கற்பட்டைக் காண்போம். சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று புறப்படும் மின்சார இரயில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து செங்கற்பட்டை அடைகிறது. அவ்வூரை நெருங்கும்போது வழியருகே கடல்போல் விரிந்து கிடப்பது கொளவாய் ஏரி. சாளரத்தின் அருகே அமர்ந்தவனுக்கு அவ்வேரி வழங்கும் காட்சிக்கு எவரும் தனிக் கட்டணம் கேட்பதில்லை. செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்த நீர்நிலைகளால் செங்கழுநீர்ப்பட்டு என வழங்கிய பெயரே செங்கற்பட்டு என மருவிற்று என்பர். ஊர்ப்பெயரின் வரலாற்றை அறிந்தவன் ஏரியைப் பார்க்கும் பார்வை வேறு. அறியாதவன் பார்வை வேறு. நீர்நிலையைச் சுற்றி எழுந்த ஊர் இது என்பதை அப்பெயரே அவனுக்கு உணர்த்திவிடுகிறது.

விசயநகர வேந்தர் காலத்தில் இவ்வூரில் கோட்டை ஒன்று எழுந்தது. ஏரியும் சதுப்பும் அதற்கு இயற்கை அரணாயின. 1752-ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றினார். இன்று அதில் எஞ்சியிருப்பது சிறிதே. ஆயினும், ஏரியை ஏன் வெட்டினர், கோட்டையை ஏன் அதன் அருகே கட்டினர், இருப்புப்பாதையை ஏன் அவ்வழியே இட்டனர் என்று வினவிக்கொண்டு நடப்பவனுக்கு இவ்வூர் ஒரு திறந்த பாடநூல்.

செங்கற்பட்டுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் வல்லம் என்னும் சிற்றூர் உளது. அங்கே ஒரு குன்றில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலைக் காணலாம். மகேந்திரவர்ம பல்லவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் இதனைச் செய்வித்தான் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக் கூறுகிறது. பேரரசன் பெயரையே பாடநூலில் படித்துப் பழகிய மாணவன், அவனுக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிற்றரசன் மகனின் பெயரை அவ்வூர்ப் பாறையிலேயே படித்தறிகிறான். இக்கல்வெட்டு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அங்கேயே உளது. அதனை நாடிச் செல்வோரோ மிகச் சிலர்.

வல்லத்தைக் கடந்து மேலும் கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம். செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏறக்குறைய நடுவே அமைந்த ஊர் இது. மூவர் முதலிகளின் பாடல் பெற்ற தலம். 500-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறி மலையுச்சியை அடைவோர்க்கு, சுற்றிலும் வயலும் ஏரியும் குன்றும் கலந்த தொண்டை நாட்டின் தோற்றம் கண்ணுக்கு விருந்தாகிறது. முற்காலத்தில் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் இங்கே வந்து உணவு பெற்றுச் சென்றன. மஞ்சள் முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்த அப்பறவைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு வருதல் நின்றுவிட்டன. இந்தியா எங்கும் பாறு இனங்கள் அருகிவிட்ட நிலையை இம்மலை நமக்கு நினைவூட்டுகிறது. இலவசமாகக் கிடைப்பவை என்றும் கிடைக்கும் என்று எண்ணியிருத்தல் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

மாமல்லபுரத்திற்கு வருவோம். 1984-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இவ்வூரின் கலைச்சின்னங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடல்கடந்து பன்னாட்டவர் பெரும்பொருள் செலவிட்டு இவற்றைக் காண வருகின்றனர். அவர்கள் வியந்து நிற்கும் பெரும்பாறைச் சிற்பம், எவரும் தெருவில் நின்றே காணுமாறு அமைந்துள்ளது என்பது எண்ணத்தக்கது. அருச்சுனன் தவம் என்றும், பகீரதன் தவம் என்றும் வழங்கும் அச்சிற்பம் ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. அடுத்தடுத்து நிற்கும் இருபெரும் பாறைகளும் அவற்றின் நடுவே இயற்கையாய் அமைந்த பிளவுமே சிற்பியின் சுவராயின. அப்பிளவை ஆறாக்கி அதில் நாகங்களை நீந்தவிட்டான். தேவரும் முனிவரும் வேடரும் விலங்கும் அதனை நோக்கித் திரண்டு வருமாறு செதுக்கினான்.

ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடுவே ஆறு அமைந்திருத்தலின் கங்கையைக் கொணர்ந்த பகீரதனே என்பர் ஒரு சாரார். படைக்கலம் வேண்டி நின்ற அருச்சுனனே என்பர் மற்றொரு சாரார். மாணவர்கள் அங்கேயே நின்று இருதரப்புச் சான்றுகளையும் தம் கண்ணால் ஆராய்ந்து வாதிடலாம். அங்கே ஒரு பூனையும் தவம் செய்கிறது. எலிகள் அதன் காலடியில் நம்பிக்கையோடு உலவுகின்றன. பொய்த்தவத்தை எள்ளி நகையாடும் அச்சிற்பியின் குறும்பைக் கண்டு சிரியாதார் யார்? மான் ஒன்று பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிகிறது. யானையின் காலடியில் குட்டிகள் ஒதுங்கி நிற்கின்றன. அருகிலுள்ள கண்ணன் மண்டபத்தில் ஆயன் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் படம் பிடித்துக்கொண்டு போவோர் இவற்றுள் ஒன்றையும் காணார். அரைமணி நேரம் நின்று நோக்குபவனே காண்பான். ஆகவே, அங்கே நாம் தரவேண்டிய விலை காலமும் பொறுமையுமே.

தெருவெங்கும் கேட்கும் உளியோசையும் விலையில்லாத ஒரு கல்வியே. 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை அரசு தொடங்கிற்று. அதுவே வளர்ந்து இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லவர் காலத்துச் சிலையைப் பார்த்த கண்ணோடே, இன்றைய சிற்பி கல்லில் கோடிட்டு, வேண்டாத பகுதியைக் களைந்து, முகம் திறப்பதையும் பார்க்கலாம். பழமையும் இன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் ஊர்கள் நம் நாட்டில் மிகுதியாக இல்லை.

பூதத்தாழ்வார் பிறந்த இடம் என்று வைணவர் போற்றும் தலசயனப் பெருமாள் கோயிலும் இவ்வூரின் நடுவே உளது. வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றதால் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைத் துணையாகக் கொண்டு 2005-இல் அகழ்ந்தபோது பழமையான முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், 17-ஆம் நூற்றாண்டில் தறித்துணி வாணிகம் செய்த டச்சுக்காரரின் கோட்டையும், களஞ்சியங்களும், எழுத்தும் உருவமும் பொறித்த கல்லறைகளும் கடலை நோக்கி நிற்கின்றன. 1782-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கடலில்தான் கப்பற்போர் புரிந்தனர்.

'கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டே' என்று சிலர் கேட்கலாம். உண்மையே. நடுவண் அரசின் தொல்லியல் துறை அக்கட்டணத்தைத் தண்டுகிறது. ஆயினும் 15 வயதிற்கு உட்பட்டோர்க்கு அத்துறையினர் கட்டணம் விதிப்பதில்லை என்பதை மாணவர் பலர் அறியார். உலக மரபுரிமை நாளாகிய ஏப்ரல் 18, உலக மரபுரிமை வாரத்தின் தொடக்கமாகிய நவம்பர் 19 ஆகிய நாள்களில் அனைவரையும் கட்டணமின்றி விடுவதும் உண்டு. அவ்வாண்டு அறிவிப்பைக் கேட்டறிந்து செல்லுதல் நலம். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணம் உடையவற்றில் மகளிர் விலையின்றிச் செல்லும் திட்டம் 2021-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இவற்றை அறிந்தவனுக்குச் செலவு குறையும். அறியாதவன் பணம் இல்லை என்று வீட்டிலேயே இருப்பான்.

'விலையின்றிக் கிடைப்பதை எவரும் மதிப்பதில்லை. ஆதலால் எல்லாவற்றுக்கும் கட்டணம் வைத்தலே நன்று' என்பாரும் உளர். இக்கருத்தை நான் ஏலேன். மதிப்பு அறிவால் வருவது, விலையால் வருவதன்று. கட்டணம் கொடுத்து உள்ளே நுழைந்து சிலையின்மேல் சாய்ந்து நிற்பாரையும் நாம் காண்கிறோம். காசின்றித் தெருவில் நின்று கைகூப்புவாரையும் காண்கிறோம். மேலும், மதிலும் வாயிலும் எழுப்பி அடைத்து வைக்காமல், ஊர் நடுவே, வருவோர் போவோர் அனைவரும் காணும் பாறையில் அச்சிற்பத்தைச் செதுக்கியிருத்தலை நோக்குக. அரண்மனைக்குள் வைத்திருந்தால் அரசன் மட்டுமே கண்டிருப்பான். பொதுவிடத்தில் வைத்தமையால் உப்பு விற்கச் சென்றவனும் கண்டான். இன்று பள்ளிப் பிள்ளையும் காண்கிறான். அக்கொடையைக் காசால் வேலியிட்டுச் சுருக்குதல் தகாது. பாதுகாக்கப் பணம் வேண்டும் என்பது மெய்யே. ஆயின், அது பொதுமக்கள் செலுத்தும் வரியினின்று முதலில் வரட்டும். ஏழை மாணவனின் கைக்காசினின்று கடைசியில் வரட்டும்.

மற்றொரு தடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'வருவோர் எல்லாம் காசு செலவிடாமல் பார்த்துவிட்டுப் போனால் அவ்வூர் மக்கள் எவ்வாறு பிழைப்பர்?' என்பது அது. இவ்வினாவில் நியாயம் உண்டு. செலவில்லாச் செலவு என்பது கருமித்தனம் அன்று. வேண்டாத இடத்தில் பணத்தை இறைக்காமல், வேண்டிய இடத்தில் மனமுவந்து கொடுத்தலே அதன் பொருள். ஆடம்பர விடுதியில் ஒருவேளை உணவுக்குக் கொடுக்கும் தொகையில் சிறு பகுதியைச் சாலையோரத்தில் நுங்கு விற்கும் மூதாட்டிக்குக் கொடுக்கலாம். கட்டுச்சோறு கொண்டு சென்று மிச்சப்படுத்திய பணத்தில், சிற்பியிடம் ஒரு சிறு கல்யானையை அவன் சொன்ன விலைக்கே வாங்கலாம். பல நாள் உழைப்பைப் பாதி விலைக்குக் கேட்டு வாதாடுதல் சிக்கனமாகாது. அஃது உழைப்பவன் வயிற்றில் அடித்தலாகும்.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் என் கடமை. நான் கண்ட பள்ளி ஒன்றில், ஆண்டுதோறும் சுற்றுலாவிற்கு நாள் குறிப்பர். பணம் கட்டியோர் தனிப்பேருந்தில் ஏறிச் செல்வர். கட்ட இயலாத சிலர் அன்று வகுப்பறையிலேயே இருத்தப்படுவர். மறுவாரம் 'நான் கண்ட சுற்றுலா' என்னும் தலைப்பில் அனைவரும் கட்டுரை எழுத வேண்டும். சென்று வந்தவர் எழுதுவர். செல்லாதவர் என்ன எழுதுவர்? காணாததைக் கண்டதாக எழுதுவர். அல்லது வெற்றுத்தாளை நீட்டுவர். முன்னதில் பொய்யும் பின்னதில் நாணமும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய சுற்றுலாவைவிடச் சுற்றுலா இல்லாமையே மேல்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் 'அனைவரும் செல்லும் செலவு' ஒன்றை நடத்துதல் வேண்டும் என்பது என் துணிபு. எவரிடமும் பணம் கேளாமல், நடந்தோ பொதுப்பேருந்திலோ செல்லும் தொலைவில் உள்ள இடத்தையே தேர்தல் வேண்டும். செங்கற்பட்டு மாணவர்க்கு வல்லம் உளது. திருக்கழுக்குன்றத்தார்க்கு அவர்தம் மலை உளது. கல்பாக்கத்தார்க்குச் சதுரங்கப்பட்டினம் உளது. தமிழ்நாட்டில் ஏரியோ, கோயிலோ, கல்வெட்டோ, பழைய மரமோ இல்லாத ஊர் ஏது? தொலைவில் உள்ளதே சிறந்தது என்னும் மயக்கம் நீங்கினால், ஒருவரும் வகுப்பறையில் தனித்து இருக்க வேண்டிய நிலை வாராது.

இனி, காசின்றிக் காண்போர் செலுத்த வேண்டிய விலை யாது என்பதைக் கூறுவேன். முதலாவது, படித்துச் செல்லுதல். புறப்படுமுன் நூலகம் சென்று அவ்வூர் வரலாற்றை ஒரு மணிநேரம் படித்தவன், பத்து வழிகாட்டிகளை உடன் அழைத்துச் சென்றவனுக்கு நிகராவான். இரண்டாவது, காட்சியைக் கெடாமல் விட்டு வருதல். திருக்கழுக்குன்ற மலையில் ஒருகல் மண்டபம் என்னும் குடைவரை ஒன்று உளது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த டச்சுக்காரர் சிலர் தம் பெயர்களை அதில் பொறித்துச் சென்றனர். வல்லத்துக் குகையிலும் ஒரு பெயர் உளது. கந்தசேனன் கோயிலைக் குடைவித்துத் தன் பெயரைப் பொறித்தான்; அவர்களோ பிறர் குடைந்த கோயிலில் பெயரை மட்டும் பொறித்தனர். ஆக்கியவன் பெயரும் கீறியவன் பெயரும் ஒன்றாகுமா? இன்று அவ்வாறு கீறுவோரை இரண்டு ஆண்டு வரை சிறையிலிடவும், ஓர் இலட்சம் உரூபாய் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்திற்கு அஞ்சி விடுவதினும், அது நம் வீட்டுச் சுவர் என்று கருதி விடுதலே சிறப்பு.

மூன்றாவது, அடக்கம். மாமல்லபுரத்துக் கடல் காண்பதற்கு இனியது, இறங்குவதற்குக் கொடியது. அலையின் கீழே ஈர்க்கும் நீரோட்டம் நீந்த வல்லாரையும் இழுத்துச் செல்லும். விடுமுறை நாளில் மகிழ்ச்சியோடு வந்து, பெற்றோர் கதறக் கடலில் மறைந்த இளைஞரைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் படித்து நெஞ்சம் பதைக்கிறோம். கட்டணம் கேளாத கடல், கருத்தின்றி இறங்குவோரிடம் உயிரையே விலையாகக் கொள்கிறது. எச்சரிக்கைப் பலகையை மதித்துக் கரையில் நின்று காண்பதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! நும்மில் பலர் செல்வக் குடியில் பிறந்திலீர். அதனால் உலகம் நுமக்கு அடைக்கப்பட்டதாக எண்ணற்க. பல்லவன் பாறையிலும், உருத்திரங்கண்ணனார் நூலிலும், கொளவாய் ஏரியின் நீரிலும் நுமக்கும் சம உரிமை உண்டு. வரும் விடுமுறையில் கட்டுச்சோற்றோடும் குறிப்பேட்டோடும் நண்பர் இருவரையோ மூவரையோ கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். கண்டதை எழுதுங்கள். வரமுடியாத தோழனுக்கு வந்து கூறி, அடுத்த முறை அவனையும் அழைத்துச் செல்லுங்கள். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதலே ஆற்றுப்படை. அவ்வழக்கம் ஏட்டோடு நின்றுவிடாமல் நும் வாழ்விலும் தொடர்வதாக!